உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது?

ஊசியும் நூலும்: வாசகர் கேள்விகளுக்கு யாழ்ப்பாணம் கொக்குவில் தையல் ரீச்சரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நல்லூர்த் திருவிழாவுக்கு வாங்கிய உடுப்புகளைப் பற்றியவை. மீதியில் பெரும்பகுதி பாடசாலைச் சீருடை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: படம் அனுப்புகிறவர்கள் உடுப்பை வெளிப்பக்கமாக விரித்து, பூவேலை தெரியும்படி அனுப்புகிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அதனால் பயன் இல்லை. உள்பக்கம் திருப்பிப் படம் எடுங்கள்.

ரீச்சர், திருவிழா நேரத்து மலிவு விற்பனையில் மூன்று குர்த்தா வாங்கினேன். இரண்டாம் முறை தோய்த்தபோதே ஒன்றின் அக்குள் பிரிந்துவிட்டது. தையல் கடையில் கொடுத்தால் "இதில் பிடித்துத் தைக்கத் துணி இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார். உண்மையா, அல்லது சின்ன வேலை என்று தட்டிக்கழிக்கிறாரா? இவ்வளவு மலிவாக எப்படித்தான் விற்கிறார்கள்?
– பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

பிள்ளை, அவர் சொன்னது உண்மை. குர்த்தாவை உள்பக்கம் திருப்பிப் பாரும். தையல் கோட்டுக்கும் துணியின் ஓரத்துக்கும் இடையில் கால் அங்குலம்கூட இராது. ஓவர்லொக் மெசின் தைத்தபடியே ஓரத்தை வெட்டித் தள்ளிக்கொண்டு போகும். வேகமான வேலை, ஆனால் பின்னொரு நாள் இதை ஒருவர் பிரித்துத் திருத்துவார் என்ற எண்ணமே அதில் இல்லை. ஒரே வடிவத்தில் ஆயிரக்கணக்கில் வெட்டும் இடத்தில் ஒவ்வொரு தையலிலும் அரை அங்குலம் குறைத்தால் சுருள் சுருளாகத் துணி மிஞ்சும். அந்த மிச்சம் அவர்களுக்கு, பிரிந்த அக்குள் உமக்கு.

நான் தைக்கும் சட்டைகளில் பக்கத் தையலுக்கு ஓர் அங்குலம் விடுவேன். வளருகிற பிள்ளை என்றால் ஒன்றரை. "ஏன் ரீச்சர் துணியை வீணாக்குகிறீர்கள்?" என்று கேட்டவர்களே, பிள்ளை பெற்ற பிறகு அதே சட்டையைக் கொண்டுவந்து இளக்கித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

உமது குர்த்தாவை எறிய வேண்டாம். அக்குளில் ஓர் ஒட்டு வைக்கலாம். அதே நிறத்தில் மெல்லிய பருத்தித் துணி போதும்; அந்த இடம் யார் கண்ணிலும் படாது. கையும் உடலும் சந்திக்கும் இடத்தில் தையலை நான்கு பக்கமும் சிறிது பிரித்து, பிசிறிய ஓரத்தை நேராக்கி, இரண்டரை அங்குலச் சாய்சதுரத் துண்டு ஒன்றைப் பொருத்த வேண்டும். துண்டுக்குத் தையலுக்காக அரை அங்குலம் தனியாக விடும். இழை குறுக்காகச் சாய்ந்து ஓடும்படி வெட்டினால் கை தூக்கும்போது துணி இழுத்துக் கொடுக்கும். பிறகு பஸ்ஸில் மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு பருத்தித்துறை வரைக்கும் போனாலும் பிரியாது. அந்தக் கடைக்காரரிடம் "பிடித்துத் தையுங்கள்" என்று கேட்காமல் "அக்குளுக்கு ஒட்டு வையுங்கள்" என்று கேட்டுப் பாரும். வேலை தெரிந்தவர் என்றால் செய்து தருவார்.

அடுத்த முறை கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் உள்பக்கத்தைப் பாரும். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணலாம். பத்து, பன்னிரண்டு என்றால் நல்ல வேலை. ஆறு, ஏழு என்றால் அவசரத்தில் ஓடிய மெசின். இரண்டு பெருவிரல்களாலும் தையலை மெதுவாக இழுத்தால் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாரும். கட்டம் போட்ட துணி என்றால் பக்கத் தையலில் கட்டங்கள் சந்திக்கின்றனவா? சந்திக்காவிட்டால் அங்கேயும் துணியை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். விற்பனைப் பெண் முறைத்துப் பார்த்தால் பார்க்கட்டும்.

"நூறு வீதம் பருத்தி" என்ற சீட்டையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து உள் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, குறட்டால் பிடித்து நெருப்புக் காட்டும். பருத்தி கடதாசி எரிவதுபோல மணத்து மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகிக் கறுத்த குண்டுமணியாக இறுகும். பட்டு என்றால் தலைமயிர் கருகும் மணம் வரும். பொலியெஸ்டர் தோய்க்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்ரிக் இழைகளை உதிர்க்கிறது. கிணற்றடியில் தோய்த்த தண்ணீர் நம் வீடுகளில் வாழைக்குத்தானே போகிறது.

மலிவு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டிருந்தீர். ஒரு பங்கு நான் மேலே சொன்ன அரை அங்குலத்திலிருந்து வருகிறது. பெரிய பங்கு தைப்பவரின் கூலியிலிருந்து வருகிறது. 2013 ஏப்ரல் 24ஆம் திகதி டாக்காவுக்கு அருகில் சாவாரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலானோர் வெளிநாட்டுக் கடைகளுக்கு உடுப்புத் தைத்தவர்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டிருந்தது. அப்படியிருந்தும் மறுநாள் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நம் பக்கத்திலும் போருக்குப் பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. என்னிடம் தையல் பழகிய பிள்ளைகள் சிலர் அங்கே போனார்கள். முழுச் சட்டையும் தனியாகத் தைக்கத் தெரிந்தவள் அங்கே நாள் முழுக்கக் கொலர் மட்டும் தைக்கிறாள். அவளுடைய கையில் பிழை இல்லை. உமது குர்த்தாவின் அக்குளைத் தைத்த, பெயர் தெரியாத பெண்ணின் கையிலும் பிழை இல்லை. இவ்வளவு நேரத்துக்குள் இவ்வளவு உருப்படி என்று கணக்குப் போட்டவர் வேறொருவர்.

மகள் ஒரே வருடத்தில் உயர்ந்துவிட்டாள். சீருடையின் கீழ்மடிப்பை இளக்கிவிட்டேன். பழைய மடிப்பிருந்த இடத்தில் மண்ணிறக் கோடு ஒன்று தெரிகிறது. எவ்வளவு தோய்த்தும் போகவில்லை. புதிது தைப்பதா?
– ஒரு தாய், சாவகச்சேரி

புதிது வேண்டாம், அம்மா. ஆனால் "எவ்வளவு தோய்த்தும்" என்று எழுதியிருக்கிறீர்களே, இடையில் மினுக்கினீர்களா? மினுக்கியிருந்தால் அந்த அழுக்கைச் சூடு பிடிக்க வைத்துவிட்டீர்கள். இளக்கும்போது முறை இதுதான்: முதலில் பிரிக்க வேண்டும், மடிப்புக்குள் சேர்ந்திருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் தட்ட வேண்டும், தோய்க்க வேண்டும், கோடு போன பிறகுதான் அழுத்தியைத் தொட வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது: வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து கோட்டின் மேல் தடவி ஊறவிடுங்கள். சவர்க்காரத்தால் மெதுவாகத் தேய்த்து அலசி, திரும்பவும் அதே கலவையில் நனைத்த துணியை மேலே வைத்து மினுக்குங்கள். தனிப் பருத்தி என்றால் மடிப்புத் தழும்பு பெரும்பாலும் போய்விடும். பொலியெஸ்டர் கலந்தது என்றால் முழுதாகப் போகாது. குளோரின் வெளுப்புத் தூளைத் தயவுசெய்து தொடாதீர்கள். பருத்தியை அது அரித்துவிடும், கலப்புத் துணியை மஞ்சளாக்கிவிடும்.

வெள்ளைச் சீருடை நம் ஊரில் பழுப்பதற்குக் கிணற்று நீரும் ஒரு காரணம். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, தண்ணீர் வன்மையானது. சவர்க்காரம் நுரைக்காமல் துணியில் படிந்து நின்றுவிடும். நீங்கள் இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போடுவீர்கள், அதுவும் படியும். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு ஒரு தேசிக்காய்ச் சாறு அல்லது கொஞ்சம் வினாகிரி விட்டால் அந்தப் படிவு கழன்றுவிடும். நீலம் அதற்குப் பிறகுதான்.

கோடு போகவே போகாது என்றால் மறைக்கலாம். கோட்டின் மேலேயே ஓர் ஒடுக்கமான மடிப்பு வைத்துத் தையுங்கள். அதற்குச் சமமாக மேலே இன்னொன்றும் வைத்தால் வேண்டுமென்றே வைத்த அலங்காரம் ஆகிவிடும். ஒவ்வொரு மடிப்பும் தன் அகலத்தைப்போல இரு மடங்கு நீளத்தை எடுக்கும் என்பதை முதலே கணக்கிடுங்கள். லேஸ் வைக்கலாமே என்று நினைக்காதீர்கள். மாணவத் தலைவிகள் வாசலிலேயே பிடித்துவிடுவார்கள்.

ஆனால் உங்கள் மகளுக்கு உண்மையில் கட்டையாகியிருப்பது பாவாடைப் பகுதி அல்ல என்று நினைக்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நீளுவது முதுகு. இடுப்புத் தையல் மேலே ஏறியிருக்கும். கைகளை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். அப்படியென்றால் இடுப்பில் பிரித்து, நடுவே இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இடுப்புப் பட்டி கட்டும் பாடசாலை என்றால் அது பட்டிக்குள் மறைந்துவிடும். துண்டுக்குத் துணி? 1993இலிருந்து அரசாங்கம் சீருடைத் துணி கொடுத்து வருகிறது. தைத்தபின் மிஞ்சும் துண்டுகளை வீடுகளில் வீசிவிடுகிறார்கள். அதைச் சுற்றி அலுமாரியில் வைத்தால் இரண்டு வருடத்துக்கு ஒட்டுக்கும் பொக்கெற்றுக்கும் கவலையில்லை. ஆனால் புதுத் துண்டை முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்ட பிறகே தையுங்கள். பழைய துணி சுருங்கி முடிந்துவிட்டது, புதியது இனித்தான் சுருங்கும்.

அடுத்த சீருடையைத் தைக்கக் கொடுக்கும்போது கீழ்மடிப்பு நாலு அங்குலம், இடுப்பில் உள்ளுக்கு ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள். தையல்காரர் முணுமுணுப்பார். சொல்லுங்கள்.

மகன் கனடாவிலிருந்து வரும்போது இரண்டு ஜீன்ஸ் கொண்டுவந்தான். இடுப்பு சரியான அளவு, நீளம்தான் மூன்று அங்குலம் கூட. வெட்டித் தைத்தால் கீழே உள்ள அந்தக் கம்பனித் தையல் போய்விடுமாம். பழைய களிசான் ஒன்றும் தொடைப் பக்கம் நூலாகிவிட்டது. தினமும் சைக்கிள் ஓடுகிறவன் நான்.
– ஓய்வுபெற்ற எழுதுநர், மானிப்பாய்

ஐயா, கம்பனித் தையல் போகத் தேவையில்லை. கூடுதலான நீளத்தின் பாதியை, அதாவது ஒன்றரை அங்குலத்தை, கீழ் விளிம்புத் தையலுக்கு மேலிருந்து அளந்து உள்பக்கமாக மடித்து, அந்த விளிம்புத் தையலை ஒட்டினாற்போல் தைக்க வேண்டும். பழைய விளிம்பு அப்படியே கீழே இறங்கி நிற்கும். முதலில் ஜீன்ஸை இரண்டு முறை தோயுங்கள். புதிய டெனிம் சுருங்கும். மெசினில் 16ஆம் இலக்க ஊசி போடச் சொல்லுங்கள். மெல்லிய ஊசி பக்கத் தையலின் தடிப்பில் முறிந்துவிடும்.

சைக்கிள் ஓடுகிறவரின் களிசான் எங்கே தேயும் என்பது தெரிந்த விஷயம். ஓட்டை விழும்வரை காத்திருந்ததுதான் பிரச்சினை. வெளிச்சத்தில் பிடித்தால் இழை தெரியத் தொடங்கும் நாளிலேயே உள்பக்கம் மெல்லிய துணி வைத்து, களிசான் நிற நூலால் இழையின் போக்கிலேயே நெருக்கமாக மேலும் கீழும் ஓட்டியிருக்க வேண்டும். இப்போதும் செய்யலாம். உள்ஒட்டு தேய்ந்த இடத்தைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூடியிருக்கட்டும். நலிந்த துணியில் தையல் நிற்காது, நல்ல துணியில் போய்ப் பிடிக்க வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். புதிய ஜீன்ஸில் வெட்டாமல் உள்ளே மடித்த துணி இருக்கிறதே, அதை வெட்டி எறிய வேண்டாம், பின்னொரு நாள் இப்படி ஒட்டுக்கு உதவும்.

என் கூறைச் சேலைக்கு இருபத்தெட்டு வயது. காஞ்சிபுரம். மடிப்பு வழியே கீறல் விழுகிறது. மகள் அதை வெட்டி லெகங்கா தைக்கக் கேட்கிறாள். அம்மாவோ கூறையை வெட்டக் கூடாது என்கிறார். நான் நடுவில்.
– வாசகி, பருத்தித்துறை

வெட்டலாமா என்று சாத்திரம் கேட்க வேண்டாம், துணியைக் கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் பிடித்து, மடிப்புக்கும் மடிப்புக்கும் இடைப்பட்ட பகுதியை இரண்டு கைகளாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அங்கே உறுதியாக இருந்தால் சேலை இன்னும் உயிரோடு இருக்கிறது. வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்ததால் அந்த வரியில் மட்டும் இழை முறிந்திருக்கிறது. கீறல்களின் பின்னால் அதே நிற மெல்லிய பருத்தித் துணி வைத்து, பட்டு நூலால் கையால் இழையோட்டினால் மகளின் கலியாணத்தன்று நீங்களே உடுக்கலாம். மெசின் வேண்டாம். நலிந்த பட்டில் மெசின் ஊசி வரிசையாகத் துளை போட்டுக் கிழிக்க வழி செய்துவிடும்.

இடைப்பட்ட பகுதியும் இழுத்தவுடன் முறிகிறது என்றால் லெகங்காவும் நிற்காது. இடுப்பில் இறுக்கிக் கட்டி, ஆடி, உட்கார்ந்து எழும்பும் உடுப்பு அது. அந்த நிலையில் கரையையும் முந்தானையையும் மட்டும் கழற்றிப் புதிய பட்டு உடலில் பொருத்துங்கள். சரிகைக் கரைதான் கூறையில் கடைசிவரை நிற்கும். பொருத்தும்போது கரையோடு அரை அங்குலம் பழைய பட்டை விட்டு வெட்டுங்கள். கரையின் ஓரத்திலேயே வெட்டினால் பிறகு தைக்கப் பிடி இல்லை.

மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ஒரு நாள் படம் எடுக்கும் லெகங்காவுக்காக நல்ல கூறையை வெட்டுவதை நான் செய்து தரமாட்டேன். வேறு யாராவது செய்வார்கள்.

வைக்கும் முறையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள், பிளாஸ்ரிக் உறையில் அல்ல. பூச்சி உருண்டை சரிகையில் முட்டக் கூடாது. வாசனைத் திரவியம் அடித்த உடம்போடு உடுத்தினால் சரிகை கறுக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விட்டு, வேறு இடத்தில் மடியுங்கள். தூக்கில் தொங்கவிடாதீர்கள், சரிகையின் பாரமே பட்டை இழுத்துவிடும்.

கிழிந்ததைத் தைத்து உடுத்தினால் வீட்டுக்குத் தரித்திரம் என்கிறார் மாமியார். பழைய சட்டையை ஒட்டுப் போட்டு வீட்டில் உடுத்தினாலும் பேச்சு. என்ன பதில் சொல்வது?
– பெயர் வேண்டாம், நல்லூர்

மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஊசியோடு நுழைவது ஆபத்து. ஆனாலும் அவரிடம் ஒன்று கேட்கலாம். அவர் தன் பிள்ளைகளைப் பெற்றபோது எந்தத் துணியில் கிடத்தினார்? அப்பப்பாவின் பழைய வேட்டி, அம்மம்மாவின் பழைய நூற்சீலை. ஏணை கட்டியதும் பழைய சீலையில்தான். பலமுறை தோய்த்த பருத்தியில் கஞ்சியும் மெருகும் போய் இழை மிருதுவாகிவிடும். புதுத் துணி பிள்ளையின் தோலை உரசும். பிள்ளைக்கு முதல் உடையே பழந்துணியாக இருக்கும் ஊரில் தரித்திரம் எங்கிருந்து வந்தது?

அவருடைய தலைமுறைக்கு இது தெரியாததும் அல்ல. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது பலரிடம் இருந்தது உடுத்த உடையும் ஒரு மாற்றுடையும்தான். சைக்கிள் கரியரில் கைமெசினைக் கட்டிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி. கொடிகாமத்தில் ஒரு பாடசாலை விறாந்தையில் அதை இறக்கிவைத்து, ஜாம் போத்தல் விளக்கில், வந்தவர்களுக்கெல்லாம் ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். சாரத்தின் கிழிசலுக்குக் குடைத் துணி, சட்டைக்குத் தலையணை உறை. யாரும் சகுனம் பார்க்கவில்லை.

உங்கள் மாமியார் பேசுவது பட்ட பாட்டை நினைவூட்டும் எதையும் பார்க்க விரும்பாததாலும் இருக்கலாம். அதை மதியுங்கள். ஒட்டு தெரியாமல் தையுங்கள், அவ்வளவுதான். முழங்காலைக் கிழித்தே விற்கும் ஜீன்ஸை அவருடைய பேரன் உடுத்துகிறானா என்று பாருங்கள். அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

உடம்பில் உடுத்தபடியே தைக்கக் கூடாது என்றும் அவர் சொல்வார். அதில் நான் அவர் பக்கம். ஊசி குத்தும்.

அம்மம்மாவின் பழைய சிங்கர் கைமெசின் கறள் பிடித்துக் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் விலை கேட்கிறார். அதைக் கொடுத்துவிட்டு சிறிய புது மெசின் ஒன்று வாங்கிப் பழகலாமா? எனக்கு இருபத்திரண்டு வயது. பெரிய ரீசேர்ட்டுகளை என் அளவுக்கு மாற்ற ஆசை.
– தம்பி, சுன்னாகம்

இரும்புக்காரரை வாசலோடு அனுப்பும். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அதன் பிறகு இங்கே வந்து இறங்கிய மெசின்களில் எத்தனையோ இன்னும் ஓடுகின்றன. உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் பாரும். எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் 1900க்குப் பிறகு செய்தது. ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் என்ற ஊரில் இருந்த அவர்களுடைய பெரிய தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள், அங்கே வார்த்த மெசின்களை இன்னும் மூட முடியவில்லை.

சக்கரம் சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கறள் காரணமல்ல. பழைய எண்ணெய் இறுகியிருக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மெசின் எண்ணெய் கிடைக்காமல் தேங்காயெண்ணெய் விட்ட வீடுகள் பல. அது நாளடைவில் பசையாகிப் பூட்டிவிடும். எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் மெதுவாக ஆட்டிப் பாரும். பலவந்தம் வேண்டாம். சுற்றத் தொடங்கியதும் கறுத்த அழுக்கு வடியும். துடைத்துவிட்டு உண்மையான மெசின் எண்ணெய் விடும். நெருப்புக்கு அருகில் இந்த வேலை செய்யாதேயும்.

நூல் சுற்றும் பொபின் உருண்டையாக இருந்தால் நகரில் பொருத்தமானது கிடைத்துவிடும். நீளமான பொபினும் அதைத் தாங்கும் படகும் என்றால் அந்தப் படகைக் கண்போலக் காப்பாற்றும். அது தொலைந்தால் மெசின் அலங்காரப் பொருள்தான்.

ரீசேர்ட் பின்னல் துணி. பழகுவதற்கு அது ஏற்றதல்ல. கைமெசினின் நேர்த் தையல் இழுபட்டால் அறுந்துவிடும். முதலில் பழைய தலையணை உறையில் நேர்கோடு ஓட்டும். பிறகு நெய்த துணிச் சேர்ட் ஒன்றின் பக்கத்தைப் பிடித்துப் பாரும். பிடிக்கும்போது மிஞ்சும் துணியை வெட்டாதேயும்! உமக்கு இருபத்திரண்டு வயது. முப்பத்திரண்டிலும் இதே வயிறு இருக்கும் என்று யார் சொன்னது? உள்ளேயே மடித்துத் தைத்து வையும்.

ஒரு பருத்தி ரீசேர்ட்டுக்குப் பஞ்சு விளைவதிலிருந்து கடைசிவரை சுமார் 2,700 லீற்றர் தண்ணீர் போகிறது என்று கணக்கிடுகிறார்கள். பத்து லீற்றர் வாளியால் 270 முறை இறைக்க வேண்டும். தோட்டக் கிணறு இறைத்த தாத்தா வீட்டில் இருந்தால் கேட்டுப் பாரும், அது எவ்வளவு வேலை என்று சொல்வார்.

தையல் கடைகளில் திருத்த வேலையை எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள். எடுத்தாலும் மாதக்கணக்கில் கிடக்கிறது. காரணம் என்ன?
– வாசகர், கோண்டாவில்

காரணம் நாம்தான். ஒரு சேர்ட்டின் கொலரைக் கழற்றித் திருப்பித் தைக்க, பழைய தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். தைப்பதைவிடப் பிரிப்பதற்குத்தான் நேரம் கூட. அதற்கு "கொஞ்சம்தானே, ஒரு ஓட்டு ஓட்டித் தாருங்கள்" என்று சொல்லி, தேநீர்க் காசு நீட்டுகிறோம். அவர் அந்த நேரத்தில் புதுச் சட்டை ஒன்றைப் பாதி முடித்திருப்பார். திருத்த வேலைக்கு நேரத்தைக் கணக்கிட்டுக் கூலி கேளுங்கள், கேட்டதைக் கொடுங்கள். புது உடுப்பின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேச வேண்டாம்.

இன்னொன்று, போகும் காலம். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முன் இரண்டு கிழமையில் எந்தத் தையல்காரரும் பிரிக்கும் வேலையைத் தொடமாட்டார். நல்லூர்க் கொடியேறிவிட்டால் இருபத்தைந்து நாளும் அப்படித்தான். ஆண்களுக்கு அங்கே மேலாடையே தேவையில்லை என்பதால் சேர்ட் வேலை மட்டும் சிலவேளை எடுபடும். தோய்த்துக் காய்ந்த உடுப்பைக் கொண்டுபோங்கள். வியர்வை மணக்கும் அக்குளை யாரும் மடியில் வைத்துப் பிரிக்க மாட்டார்கள். களிசான் நீளம் குறைக்க என்றால் போடும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கள்.

பாடசாலைப் பையின் சிப் மூடியபின் பின்னால் திறந்துகொண்டே வருகிறது. பை முழுவதும் நன்றாக இருக்கிறது.
– தாய், உரும்பிராய்

பல் உடையவில்லை, ஓடும் கட்டை இளகியிருக்கிறது. கட்டையைத் தொடக்கத்துக்கு இழுத்துவிட்டு, அதன் இரண்டு பக்கங்களையும் சிறு குறட்டால் மெதுவாக ஒரு நெரி நெரித்து ஓட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். அதிகம் நெரித்தால் வெடித்துவிடும். உலோகப் பல் என்றால் மெழுகுதிரியைப் பல்லில் தேய்த்துவிடுங்கள். கட்டை முழுதாகத் தேய்ந்துவிட்டால் கட்டை மட்டும் வாங்கிப் போடலாம். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். முழுச் சிப்பையும் மாற்ற வேண்டும் என்று சொல்கிறவரிடம் பையைக் கொடுக்காதீர்கள்.